கைமாறிய குருத்தோலை

ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். கொஞ்சம் சூடு பட்டாலும் நூலோடு நூலாக ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அஹுதியா விடிகிற நேரத்தில் ஓடைக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்று, புருஷனின் கட்டுத்துணியைக் கல்லில் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள். செம்பனைச் சாம்பலில் காய்ச்சிய கறுப்புச் சோப்பு கை நிறைய நுரைத்தது. நீலக்கோடு போட்ட துணி, போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த கறை சிவப்பிலிருந்து பழுப்புக்கு வந்ததே தவிர, அதற்கு மேல் இறங்கி வரமாட்டேன் என்றது.

முந்தின நாள் பொழுது சாயும்போது ஒசூஜி காட்டிலிருந்து மாட்டை நொண்ட நொண்ட இழுத்துக்கொண்டு வந்திருந்தான். இந்தப் பக்கத்துக் குட்டைக்கால் கறுப்பு மாடு. பின்னங்கால் நரம்பு வெட்டுப்பட்டுத் தொங்கியது.

"என்னாச்சு?" என்றாள் அஹுதியா.

"எவனோ காட்டுப்பன்னிக்குப் பொறி வெச்சிருக்கான். கால விட்டுடுச்சு."

"எந்தப் பாவி அவன்?"

"தெரிஞ்சா அவன் கால எடுத்துட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு ஒசூஜி திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாததற்கு அவள் ஆச்சரியப்படவும் இல்லை. அவனுடைய அப்பா செத்து இரண்டு வருடம் ஆகிறது. புதைத்தாயிற்று, ஆனால் இரண்டாம் சடங்கு நடக்கவில்லை. அது நடந்து, மாடு விழுந்து, துப்பாக்கி வெடித்து வழியனுப்பினால்தான் செத்தவர் தன் முன்னோரிடம் போய்ச் சேருவார். அதற்கென்று மூன்று வருடம் வளர்த்த மாடு இது. ஊனப்பட்ட மாட்டை அப்பனுக்கு வெட்ட முடியாது. வெட்டினால் ஊரே சிரிக்கும், அப்பன் கனவில் வந்து திட்டுவார்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது நாலைந்து பெண்கள் மரவள்ளிக் கூடைகளோடு இறங்கி வந்தார்கள். ஓடைக்கரைக் குழிகளில் ஊறப்போட வந்தவர்கள். மேட்டில் வரும்போது சளசளவென்று கேட்ட பேச்சு, இவளைப் பார்த்ததும் நின்றுபோயிற்று.

"என்னடி, என்னைப் பாத்ததும் வாயில மண்ணு விழுந்துடுச்சா?" என்று சிரித்தாள் அஹுதியா.

"காலங்காத்தால தொவைக்கிறே போல" என்றாள் ஒருத்தி.

"மாட்டு ரத்தம். எங்க மாட்டுக்குக் கால் போச்சு."

யாரும் 'அய்யோ' சொல்லவில்லை. கூடையைக் குழியில் கவிழ்த்துவிட்டு அடுத்த பேச்சில்லாமல் ஏறிப் போனார்கள். நடவு முடிகிறவரை மாடுகளைக் கட்டித்தான் வைக்கவேண்டும் என்று போன வருடம் பெண்கள் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. ஒசூஜி கட்டாமல் விட்டதற்குத்தான் இந்த முறுக்கு என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து துணியைக் கொடியில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வளவு ரூத் வந்தாள். இவளைவிட நாலு வயது இளையவள், வாய் ஓயாதவள். அன்றைக்கு வாசலிலேயே நின்றாள். இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்து அஹுதியாவின் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள். முடிச்சுப் போட்ட செம்பனைக் குருத்தோலை, இளமஞ்சளாக, இன்னும் ஈரமாக இருந்தது.

"நாளைக்கு எகே நாள். விடிஞ்சதும் சந்தைத் திடல். உலக்கையோட" என்றாள் ரூத்.

அஹுதியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, எவன்டி மாட்டினான்?"

"கேக்கக் கூடாது ஊபாம்மா. தெரியாதா உனக்கு?" என்றாள் ரூத். மூத்த பிள்ளை ஊபாவின் பெயரால்தான் ஊரில் அவளைக் கூப்பிடுவார்கள்.

தெரியாமல் என்ன. குருத்தோலை வந்தால் வாங்கியாகவேண்டும். வாங்கினால் அடுத்த வளவில் கொடுத்தாகவேண்டும். பெண்களிடம் வாலாட்டிய எவன் வீட்டின் மேல் ஏறப்போகிறோம் என்று கேட்கக்கூடாது, சொல்லக்கூடாது, ஆண்கள் கண்ணில் காட்டக்கூடாது. கேட்டால் பொண்டாட்டி வாயிலிருந்து புருஷன் காதுக்குப் போகும், அங்கிருந்து சம்பந்தப்பட்டவனுக்குப் போகும், அவன் ராத்திரியோடு ராத்திரியாக மாமன் ஊருக்கு ஓடிவிடுவான். போன வருடம் மாமியாரைக் கைநீட்டி அடித்த தையல்காரன் வீட்டுக்கு இப்படித்தான் எண்பது பேர் போனார்கள். தையல் மெஷினை மட்டும் பத்திரமாகத் தூக்கி மரத்தடியில் வைத்துவிட்டு, மீதி வீட்டை மண்ணாக்கினார்கள். முன்வரிசையில் நின்று அவன் காலைக் கேலி செய்து பாட்டுக் கட்டியவளே அஹுதியாதான். அந்தப் பாட்டைச் சின்னப்பிள்ளைகள் இன்றுவரை பாடுகின்றன.

"எவனா இருந்தாலும் சரி, பாட்டு நான்தான் எடுப்பேன். சொல்லிடு உகொன்மா அக்காகிட்ட" என்றாள்.

ரூத் அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்துவிட்டாள்.

அஹுதியா குருத்தோலையை மடியில் செருகிக்கொண்டு, நெருப்பு வாங்கப் போகிறவள்போல மேற்கு வளவுக்குப் போனாள். அங்கிருந்தவளிடம் கொடுத்தாள். கொடுத்தது போதாதென்று, "பெரிய உலக்கையா எடுத்துட்டு வாடி, போன தடவை சுள்ளியத் தூக்கிட்டு வந்தே" என்று கேலியும் பண்ணிவிட்டு வந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவளுக்கு அது மண் என்று எப்படித் தெரியும்?

"ரூத்து எதுக்கு வந்தா?" என்றான் ஒசூஜி.

"உப்புக் கேட்டு."

அன்றைக்கு எண்ணெய் எடுக்கும் நாள். முந்தின நாளே செம்பனைப் பழத்தைப் பெரிய தகர டிரம்மில் வேகவைத்து மூடியிருந்தார்கள். ஒசூஜி மரத்தொட்டியில் கொட்டி இடித்தான், அவள் நாரைப் பிரித்துப் பிழிந்து கொட்டைகளைத் தனியே ஒதுக்கினாள். எண்ணெய் புருஷனுக்கு, கொட்டை பொண்டாட்டிக்கு. அதை உடைத்துப் பருப்பெடுத்து விற்பதுதான் அவள் கைச்செலவு. இந்த ஏற்பாட்டில் எந்த ஆணும் ஒரு கரண்டி விட்டுக்கொடுத்து அவள் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு ஒசூஜி, கைமுட்டிவரை சிவப்பு வழிய நின்றவன், தலை நிமிராமலே சொன்னான்:

"எண்ணெயிலயும் ஒரு தகரம் நீ எடுத்துக்க."

"என்ன, சூரியன் எந்தப் பக்கம்?"

"எடுத்துக்கன்னா எடுத்துக்கயேன். பிள்ளைங்களுக்கு ஆகும்."

பிள்ளைகள் இருவரும் அவள் தாய்வீட்டில் தங்கி அங்கேயுள்ள பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய்ப்புகை என்று துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவன் அவளை நாலைந்து தடவை அடித்திருக்கிறான், நாலைந்து தடவை சிரிக்கவைத்திருக்கிறான். கணக்குச் சரியாகப் போய்விட்டது என்றுதான் அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள். மத்தியானம் பெருவள்ளியைச் சுட்டு, புது எண்ணெயில் உப்பும் மிளகாயும் போட்டுத் தொட்டுக்கொள்ள வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து, சாணைக்கல்லை எடுத்து வெட்டுக்கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான்.

"யாராச்சும் வராங்களா?"

"மாட்டுக்குப் புல்லறுக்கணும்."

புல்லறுக்க இவ்வளவு நேரமா தீட்டுவார்கள் என்று கேட்க நினைத்தாள். ஒரு தகரம் எண்ணெய் கொடுத்தவனிடம் என்னத்தைக் கேட்பது என்று விட்டுவிட்டாள். மழைக்கு முந்தின புழுக்கம். சாயங்காலம்வரை கத்தியும் கல்லும் உரசிக்கொண்டே இருந்தன.

மறுநாள் எகே, நாலு நாள் வாரத்தின் முதல் நாள். முகத்தில் சாம்பலைக் குறுக்கே பூசிக்கொண்டு, தலையில் பெரணிச் செடி சுற்றி, துணியை முட்டிக்கு மேல் ஏற்றிக்கட்டி, உலக்கையோடு அஹுதியா திடலுக்குப் போனாள். தூரத்திலேயே பாட்டை எடுத்துவிட்டாள். "எவன்டா அவன் எவன்டா, எங்க கைக்கு வந்தவன்" என்று இரண்டடி பாடி, திருப்பிப் பாட ஆள் இல்லாததால் நிறுத்தினாள்.

எழுபது எண்பது பேர் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் சாம்பல், எல்லோர் கையிலும் உலக்கை. ஒருத்திகூட ஆடவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளை உள்ளே விட்டது. நடுவில் உகொன்மா நின்றாள். ஊர்ப் பெண்களுக்குத் தலைவி, ஐம்பது வயது, உருட்டுக்கட்டை உடம்பு. சந்தையில் மரவள்ளி மாவு விற்கிறவள். அவள் கத்தினால் அடுத்த ஊர்ச் சந்தைக்கும் விலை தெரிந்துவிடும் என்பார்கள். அன்றைக்கு மெல்லப் பேசினாள்.

"வா ஊபாம்மா. பாட்டு எடுக்கறேன்னு சொல்லி அனுப்பினியாமே."

"எவன் வீடுக்கா?"

"அத நீ சொல்லு. நேத்து ஓடையில யாரு ரத்தத்தைத் தொவைச்சே?"

"மாட்டு ரத்தம்..."

"மாடு யாரு கொல்லையில மேஞ்சுது?"

உகொன்மா எண்ணி எண்ணிச் சொன்னாள். முந்தாநாள், அஃபோ நாள் சாயங்காலம், தூரக்காட்டில், மாடு ஊர் மறுகோடியில் இருக்கும் செலினாவின் மரவள்ளிக்குள் புகுந்து ஒரு பாத்தியை முடித்துவிட்டது. விரட்டி விரட்டிப் பார்த்த செலினா கையிலிருந்த கத்தியை வீசினாள், காலில் பட்டது. ஒசூஜி வந்தான். மண்வெட்டிக் காம்பால் அவள் தோளெலும்பை உடைத்தான். விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். ஒருமுறை இல்லை. அங்கேயே அவளுக்கு ரத்தம் பெருகி அவன் கட்டுத்துணியிலும் பட்டது. செலினா ஏழு வருடம் காத்திருந்து ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தவள்.

"ராத்திரியே விழுந்துடுச்சு. ஆம்பளப் புள்ள. விரலெல்லாம் வந்திருந்தது. நான்தான் வாழையிலையில சுத்தினேன்" என்றாள் உகொன்மா.

"எனக்குத் தெரியாது" என்றாள் அஹுதியா. "அக்கா, பொறியில மாட்டிக்கிச்சுன்னு சொன்னான். நான் நம்பினேன். எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் கோழி கூப்பிட ஓடைக்கு ஓடினியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி காறித் துப்பினாள். எச்சில் அவள் கால்விரலருகே விழுந்தது.

"தெரிஞ்சிருந்தா குருத்தோலைய வாங்கிக் கடத்தி விட்டிருப்பாளா?" என்றாள் ரூத். "அவளுக்குக் குடுக்கவே வேணாம்னு நீங்கதான சொன்னீங்க. வீட்டுக்கு வீடு போகணும், இல்லேன்னா அது குருத்தோலையே இல்லேன்னு நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். சிரிச்சிட்டே வாங்கினா."

"நடிச்சிருப்பா."

"இவளுக்கு நடிக்க வருமா? இவ முகத்தப் பாருங்கடி."

உகொன்மா கையை உயர்த்தினாள். "பேச்சு போதும். ஊபாம்மா, கேட்டுக்க. உலக்கைய இங்க வெச்சுட்டு வீட்டுக்குப் போலாம். உன் சட்டிபானைய எடுத்து வெளிய வெச்சுக்க, அதுக்கு நேரம் தரோம். ஆனா இன்னைலேர்ந்து நீ அவனோட சேத்தி. உனக்கு நோவு வந்தா வரமாட்டோம். நீ செத்தா அழ வரமாட்டோம். உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஒருத்தியும் அடுப்பு மூட்ட வரமாட்டா. இல்லையா, நட எங்களோட. ரெண்டுல ஒண்ணு."

அவள் நடந்தாள். தைரியத்தில் நடந்தாள் என்று சொல்ல முடியாது. கால்கள் கூட்டத்தோடு போயின, அவ்வளவுதான். மனதில் ஒரே ஒரு நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு பிள்ளையின் ரத்தத்தைச் சோப்புப் போட்டுக் கும்மினோமே, கறை போகவில்லை என்று எரிச்சல்கூடப் பட்டோமே. அந்த எரிச்சல் ஞாபகம் வந்தபோதுதான் வழியில் ஒரு புதரடியில் வாந்தி எடுத்தாள். ரூத் முதுகைத் தடவிவிட்டாள். மற்றவர்கள் நிற்கவில்லை.

ஒசூஜி தன் முன்வீட்டு வாசலில் வெட்டுக்கத்தியோடு நின்றிருந்தான். செலினாவின் புருஷனும் அவன் பங்காளிகளும் வருவார்கள் என்று இரண்டு நாளாக அவன் காத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வந்தது பெண்கள் என்று பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவனுக்கு வர தெம்பில்ல, பொம்பளைங்கள அனுப்பினானா?"

"எங்கள எவனும் அனுப்பலடா" என்றாள் உகொன்மா. இப்போது அது சந்தைக் குரல். "செலினா வயித்துல இருந்தத நீ மிதிச்சே. வெளிய வந்து மண்ணுல உக்காரு. ஆட்டப் புடிச்சுட்டு வந்து அவ கால்ல விழு."

"மாட்டு கால வெட்டினாளே, அதுக்கு யாரு விழறது? எங்கப்பன் ரெண்டு வருஷமா நடுவழியில நிக்கிறான். வாக்கப்பட்டு வந்த நாய்ங்க நீங்க, என் அப்பன் மண்ணுல நின்னு எனக்குச் சட்டம் சொல்றீங்களா?"

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. பாட்டு வெடித்துக் கிளம்பியது. அவன் பிறப்பை, அவன் உறுப்பை, பிள்ளைத்தாச்சியிடம் காட்டிய வீரத்தைப் பாடிக்கொண்டே உலக்கைகளைத் தரையில் குத்தினார்கள். மண் அதிர்ந்தது. பிறகு முதல் உலக்கை முன்வீட்டுச் சுவரில் விழுந்தது. கூரை ஏறிய இரண்டு பேர் ஓலைப்பாய்களைக் கொத்துக்கொத்தாகப் பிய்த்து எறிந்தார்கள். சுவர் தொப்பென்று உள்ளே சாய்ந்து செம்புழுதி எழும்பியது. பெருவள்ளிக் கொட்டிலின் கட்டுகளை அறுத்தார்கள். ஒரு வருடத்து உழைப்பு கொத்தோடு சரிந்து விழ, காலில் போட்டு மிதித்தார்கள். ஓர் ஆணின் மானத்தை எங்கே மிதிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒசூஜி கத்தியை வீசிக்கொண்டு பாய்ந்தான். ரூத்தின் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துகொண்டது. அவள் கத்தக்கூட இல்லை. தன் கையையே வேறு யாருடைய கைபோல ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி துணியைக் கிழித்துச் சுற்றினாள். ஐந்தாறு உலக்கைகள் ஒரே நேரத்தில் ஒசூஜியின் மேல் விழுந்தன. முதுகில், தொடையில், காதோரத்தில். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறி, பின்பக்கம் ஓடி, அஹுதியாவின் வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டான்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"உடைங்கடி பாப்போம்!" என்று உள்ளேயிருந்து மூச்சிரைக்கக் கத்தினான். "இது பொம்பள வீடு! தொடுங்க பாப்போம்!"

அவன் சொன்னது சரிதான். ஆணின் வீட்டை உடைக்கலாம், கொட்டிலைச் சரிக்கலாம். மனைவிக்கென்று உள்ள வீட்டில் கைவைக்கக்கூடாது. அது அவள் சமைக்கும் இடம், பிள்ளை பெற்ற இடம். வைத்தால் வைத்தவர்கள் கை விளங்காது. உகொன்மா உலக்கையை ஊன்றிக்கொண்டு அஹுதியாவின் பக்கம் திரும்பினாள்.

"உன் வீடு. நாங்க தொடமாட்டோம். பொழுது போறவரைக்கும் உக்காந்திருப்போம், அப்பறம் அவங்கவங்க அடுப்பப் பாக்கப் போயிடுவோம். அவன் நாளைக்கு வெளிய வந்து மீசைய முறுக்குவான்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அஹுதியா தன் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஊபா அப்பா."

"நீயா?" அவன் குரல் சட்டென்று தணிந்தது. "நல்லவேளை. போகச் சொல்லுடி அவளுங்கள. நீ சொன்னா கேப்பாளுங்க. நான் வேணும்னு செய்யலடி. மாட்டப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு. அவ வயித்துல இருந்தது எனக்குத் தெரியாது."

"தெரியாதா? போன மாசம் அவ புருஷன் சேதி சொல்ல வந்தப்போ கோலாக் கொட்டை உடைச்சு வாழ்த்தினது யாரு? புள்ள பொறந்தா மொதல் கோழி என்னுதுன்னியே."

"என்கிட்ட ஏன் பொய் சொன்னே?"

"சொன்னா நீ தாங்கமாட்டே."

"தொவைக்கறதுக்கு மட்டும் குடுத்தியே. அத ஏன் என் கையில குடுத்தே?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நிஜமாகவே விளங்காத குரலில் கேட்டான்: "பொண்டாட்டி தொவைக்காம வேற யாரு தொவைப்பா?"

அஹுதியா கதவிலிருந்து விலகினாள். வீட்டைச் சுற்றிப் பின்சுவருக்குப் போனாள். ஒவ்வொரு கோடையிலும் செம்மண்ணை மிதித்துக் குழைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பூசிய சுவர் அது. எந்த இடம் கல்போல நிற்கும், எந்த இடம் சும்மா பெயருக்கு நிற்கிறது என்று கைக்குத் தெரியும். உள்பக்கம் தண்ணீர்ப்பானைகள் இருக்கும் மூலை வருடம் முழுக்க ஈரம். எவ்வளவு பூசினாலும் உள்ளே சோறுபோல இருக்கும். அங்கே போய் நின்று உலக்கையை ஓங்கினாள்.

முதல் அடிக்குப் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது அடிக்கு உள்ளே பானை உடைந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவளுடைய கல்யாணப் பானை. மூன்றாவது அடிக்கு உலக்கை பாதி உள்ளே போய்விட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை, வரக்கூடாது. அவள் அழுதுகொண்டே குத்தினாள். மூக்கு ஒழுகியது, சாம்பல் கரைந்து வாய்க்குள் இறங்கியது. புதிதாக எடுத்த எண்ணெய்த் தகரம் கவிழ்ந்து ஓட்டை வழியே சிவப்பாக வழிந்து வந்து அவள் பாதத்தை நனைத்தது. அவன் கொடுத்த தகரம்தான். அவள் நிறுத்தவில்லை. உள்சட்டக் குச்சிகள் ஒடிந்து, ஆள் நுழைகிற அளவு சுவர் விழுந்தது.

புழுதிக்குள்ளிருந்து ஒசூஜி கத்தியை ஓங்கியபடி வந்தான். "என் வீட்டையா உடைக்கிறே, தேவடியா..." அவன் முகத்தில் அவளுக்குத் தெரிந்த யாரும் இல்லை. செலினா அன்றைக்குப் பார்த்த முகம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. உலக்கையைக் குறுக்கே வீசினாள். அவன் மணிக்கட்டு சுள்ளிபோல ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கத்தி தண்ணீரிலும் எண்ணெயிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் பெண்களுடையவன். இழுத்து முற்றத்தில் போட்டார்கள். இழுத்த இழுப்பில் கட்டுத்துணி கிழிந்து போயிற்று. குப்புறக் கிடந்தவன் முதுகில் உகொன்மா தன் முழு உடம்போடு உட்கார்ந்தாள், கால்களில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். மண்ணைத் தின்னக் கொடுத்தார்கள். அவன் அப்பன் பெயரைச் சொல்லி அழுதான், பிறகு தாய் பெயரைச் சொல்லி. முடிவில் "விடுங்க, வரேன், அவ கால்ல விழறேன்" என்றான்.

"அம்மணமா வருவியா? செலினா இன்னும் என்னென்னத்தத்தான் பாக்கணும்?" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

அஹுதியா கொடியிலிருந்து நீலக்கோட்டுத் துணியை எடுத்து வந்தாள். இரண்டு நாளாக வெயில் காணாமல் இன்னும் ஈரமாக இருந்தது. அவன் முன்னால் போட்டாள்.

"இதக் கட்டு. கறை முன்னால தெரியறாப்பல கட்டு."

ஒற்றைக் கையால் அவனுக்குக் கட்ட வரவில்லை. அவள் குனிந்து கட்டிவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவனுக்குத் துணி கட்டிவிட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டுக்குப் பதில் நொண்டி மாட்டை முன்னால் ஓட்டி, அவனை நடுவில் விட்டு, ஊரைக் கடந்து போனார்கள். ஆண்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள், ஒருவனும் படி இறங்கவில்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. துணி முழங்காலோடு ஒட்டியது. கறை நனைந்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

செலினா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தோளை மூங்கில் பத்தை வைத்து வாழைநாரால் கட்டியிருந்தார்கள். முகம் உப்பி, ஒரு கண் மூடியிருந்தது. பால் கட்டி மார்புத் துணி நனைந்திருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை என்று அந்த உடம்புக்கு யார் சொல்வது? ஒசூஜியை வாசற்படிக்கு உள்ளே தள்ளி மண்டியிட வைத்தார்கள். அவன் என்னவோ முனகினான். செலினா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தொவைச்சது?" என்றாள்.

வாசலில் நின்ற அத்தனை பேரும் அஹுதியாவைப் பார்த்தார்கள். அவள் உள்ளே வந்தாள்.

"நான்தான். மாட்டு ரத்தம்னு சொன்னான்."

செலினா உடையாத கையை நீட்டித் துணியின் ஓரத்தைப் பிடித்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கறை போகலையே."

"போகலை" என்றாள் அஹுதியா.

கூரையில் மழை கொட்டியது. செலினா துணியை விட்டுவிட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பாயில் ஒரு சாண் உள்ளே நகர்ந்து படுத்தாள். நகர்ந்த இடத்தில் அஹுதியா உட்கார்ந்தாள். உலக்கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.